சூரியனை உப்புத் தண்ணீரில் பூட்டி வைத்த கதை

சூரிய சக்தியைச் சேமிக்கணும்னா இப்போ யாரைக் கேட்டாலும் லித்தியம் பேட்டரின்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு அசைன்மெண்டுக்காக லைப்ரரியில் பழைய ஆய்வுகளைப் புரட்டும் வரைக்கும். வெறும் உப்பையும் தண்ணீரையும் வைத்தே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்!

கதை ஆரம்பிப்பது டிரான்சில்வேனியாவில். 1875-ல் சோவாட்டா என்ற ஊரில் நிலம் உள்வாங்கி ஒரு உப்பு ஏரி உண்டானது. அன்றைக்கு அது ஹங்கேரி, இன்றைக்கு ருமேனியா. 1902-ல் கலெசின்ஸ்கி என்ற ஹங்கேரிக்காரர் அதைப் பற்றி எழுதினார். கோடை முடிவில், 1.32 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட 70 டிகிரி சூடு!

சாதாரணக் குளத்தில் சூடான தண்ணீர் மேலே வந்து, சூட்டைக் காற்றில் விட்டுவிடும். இங்கே அடியில் உப்பு அதிகம், மேலே குறைவு. அடித்தண்ணீர் எவ்வளவு சூடானாலும் கனமாகவே இருப்பதால் மேலே வரமுடியாது. நடு அடுக்கு கம்பளி மாதிரி. வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதிலிருந்து கரண்ட் எடுக்கலாம்னு நம்பியவர் இஸ்ரேலின் ஹாரி டேபர். 1950-களிலேயே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். கொதிக்காத வெந்நீரை வைத்து டர்பைனைச் சுற்றுவது எப்படி? சீக்கிரம் ஆவியாகும் வேறு ஒரு திரவத்தைப் பயன்படுத்தி, லூசியன் பிரோனிக்கியோடு சேர்ந்து அதற்கென்றே ஒரு டர்பைன் செய்தார். 1979-ல் சாக்கடல் கரையில் எய்ன் பொகெக்கில் 150 கிலோவாட். 1984-ல் பெய்த் ஹஅரவாவில் 5 மெகாவாட். குளத்தின் பரப்பு 2,10,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 50 ஏக்கர்! ஆனால் 1988-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஏன்? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் 85 டிகிரி, மேலே 30 டிகிரி என்றால், எந்த எஞ்சினாலும் அந்தச் சூட்டில் 15 சதவீதத்துக்கு மேல் கரண்டாக்க முடியாது. இது இயற்கை விதி. குளத்தில் விழும் வெயிலிலும் கொஞ்சம்தான் அடியில் தங்கும். கடைசியில் கைக்கு வருவது 1 சதவீதம் சுமார். அதே 80-களின் நடுவில் கச்சா எண்ணெய் விலை வேறு சரிந்துவிட்டது. யார் காசு போடுவார்கள்?

அப்போ இது தோற்றுப்போன ஐடியாவா? எனக்கு அப்படித் தோணலை. நம்ம நாட்டிலேயே, குஜராத்தின் புஜ்ஜில் 6,000 சதுர மீட்டர் குளம் ஒன்று 1993 முதல் சில வருஷம் பக்கத்துப் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தது. கரண்ட் வேண்டாம், சூடு போதும் என்று முடிவு செய்தால், கணக்கே மாறிவிடுகிறது. இந்தக் குளம் கோடை வெயிலை மாதக்கணக்கில் வைத்திருக்கும். பேட்டரியை அவ்வளவு நாள் சேமிக்கப் பயன்படுத்தினால் கட்டுப்படியாகாது.

இன்னொன்று, குளம் போனாலும் அந்த டர்பைன் போகவில்லை. அதே வகை டர்பைன்கள் இன்று பல நாடுகளில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. டேபர் 2015-ல் 98 வயதில் காலமானார்.

எதில் சேமிக்கலாம்னு யோசிக்கும் முன்னாடி, நமக்கு வேண்டியது கரண்டா, வெந்நீரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இது புரிய எனக்கு ஒரு லைப்ரரி மத்தியானம் தேவைப்பட்டது :-)