சிறுநீரகக் கல் ஆய்வில் ஏன் ஆண் எலியே அதிகம்? பெண் எலிக்கு என்ன ஆச்சு? - விளக்கம்

வெயில் ஏறிவிட்டால் பாகாயம், தொரப்பாடி டீக்கடைகளில் 'கல்லடைப்பு' பேச்சும் வந்துவிடும். வாழைத்தண்டு ஜூஸ் குடி, சிறுபீளை கஷாயம் குடி என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். 'எலிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, கல் குறைஞ்சிருக்கு' என்று செய்தியும் வரும். சரி, அந்த எலி ஆணா, பெண்ணா? பதில் பெரும்பாலும் ஆண்தான். ஏன் என்று பார்க்கலாம்.

எலிக்குக் கல் எப்படி வரவைக்கிறார்கள்?

கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனத்தை, குடிநீரில் 0.75 சதவீதம் கலந்து சுமார் 28 நாட்கள் கொடுப்பார்கள். கல்லீரல் அதை ஆக்ஸலேட்டாக மாற்றும். அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். மனிதர்களுக்கு அதிகம் வரும் கல்லும் இதே வகைதான்.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாவிலங்கப் பட்டை, சிறுபீளை போன்றவற்றை கல் பாதிப்பு உண்டாக்கப்பட்ட எலிகளிடம்தான் சோதித்தார்கள்.

ஆணுக்கு மட்டும் ஏன் அதிகம்?

ஒரே அளவு ரசாயனம் கொடுத்தாலும் ஆண் எலிக்கே படிகம் அதிகம் சேர்கிறது. முக்கியக் காரணம் ஹார்மோன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், உடலில் ஆக்ஸலேட் உற்பத்தியைக் கூட்டுகிறது. விரை நீக்கிய எலிகளுக்குக் கல் குறைந்தது. அவற்றுக்கே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது மறுபடி கூடியது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது.

அதனால்தான் சீக்கிரம் ரிசல்ட் வேண்டும் என்று ஆண் எலியையே எடுக்கிறார்கள்.

தோல் தொழிலுக்குத் தெரிந்த மெலமைன்

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலுக்கு மெலமைன் புதிய பெயர் அல்ல. ரீடேனிங்கில் தோலுக்குக் கனம் கொடுக்கும் பிசின்களில் மெலமைன் பிசினும் ஒன்று.

1983-ல் வெளியான அமெரிக்க அரசின் சோதனையில், சுமார் இரண்டு ஆண்டுகள் தீவனத்திலேயே மெலமைனைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்ற 49 ஆண் எலிகளில் 10-க்கு சிறுநீர்ப்பையில் கல், 8-க்கு அங்கேயே புற்றுநோய். அந்த எட்டில் ஏழுக்குக் கல்லும் இருந்தது. பெண் எலிகளுக்கு இரண்டு மடங்கு கொடுத்தும் இந்தப் புற்றுநோய் வரவில்லை. பிசின் கையாளும் தொழிலாளர்களுக்குக் கல் வரும் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை.

ஆனால் 2008-ல் சீனாவில் மெலமைன் கலந்த பால் பவுடரால் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். அதில் பெண் குழந்தைகளும் தப்பவில்லை. எலியில் பார்த்தது அப்படியே மனிதருக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே சாட்சி.

அப்போ பெண்களுக்குப் பயமில்லையா?

அப்படி இல்லை. மனிதர்களிலும் ஆண்களுக்கே கல் அதிகம் என்றாலும், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் சிறுநீரில் கால்சியம் கூடலாம். சிறுநீர்த் தொற்றால் வரும் கல் பெண்களுக்கே அதிகம். ஆண் எலியில் மட்டும் வேலை செய்த மருந்து பெண்களுக்கும் அதேபோல் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2016 முதல், ஆண்-பெண் வேறுபாட்டையும் ஆய்வுத் திட்டத்திலேயே கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

அடுத்த முறை 'கல்லைக் கரைக்கும் மூலிகை' செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எலி ஆணா, பெண்ணா? கல் எப்படி வரவைத்தார்கள்? மனிதர்களிடம் சோதித்தார்களா?

விலா வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ஆணோ பெண்ணோ, கஷாயத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.