பாலினம்

உடற்கூறு சார்ந்த பால் வேறு. யார் எப்படி உடுத்த வேண்டும், எந்த வேலை செய்ய வேண்டும், எவ்வளவு கூலி பெற வேண்டும் என்று சமூகம் வகுத்துவைத்திருக்கும் பாலினம் வேறு. ஊரும் காலமும் மாறினால் அதன் விதிகளும் மாறும்.

பாலின வகைப்பாடு இல்லாத கணக்கெடுப்பில் பல அநீதிகள் கண்ணில் படுவதே இல்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். சமையலும் துவைப்பும் பெண்ணின் இயல்பு என்று பழக்கிவைத்ததன் விலை இது. பெண்களின் இந்த உழைப்பைக் கருதினால், தமிழ்நாடு 2023இல் அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய திட்டம் ‘மகளிர் உரிமைத் தொகை’ எனப் பெயர் பெற்றது பொருத்தமே.

ஆண், பெண் என இரண்டே கட்டங்கள் கொண்ட படிவமோ திருநர் பலரை வெளியே நிறுத்தியது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது.