ஹைப்ரிட் பேட்டரியும் மெதுவான சார்ஜும்: ஒரு பழைய வழக்கத்தின் கதை

நம் பார்க்கிங்கில் ஹைப்ரிட் கார்கள் கூடிவருகின்றன. அவற்றின் பேட்டரி தளர்ந்தால் மாற்றும் செலவு பெரிது. "வீட்டிலேயே மெதுவாகச் சார்ஜ் போட்டு, செல்களைச் சமப்படுத்தினால் என்ன?" என்ற யோசனை உங்களுக்கும் வரலாம். அது எங்கே பிறந்தது, எந்த பேட்டரிக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

கார் பேட்டரிக்கு வீட்டில் சார்ஜ் போடுவது நூறாண்டைக் கடந்த வழக்கம். அமெரிக்காவில் 1907-இல் வந்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரை ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவும் வைத்திருந்தார். அக்காலக் கார்கள் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரியில் ஓடின. அதில் பல செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும். எல்லாச் செல்களும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒன்று பின்தங்கினால் மொத்த வரிசையும் அதோடு நின்றுவிடும். எனவே அவ்வப்போது, பேட்டரி நிரம்பிய பிறகும் குறைந்த மின்னோட்டத்தில் சார்ஜைத் தொடர்வார்கள். பின்தங்கிய செல் அதற்குள் நிரம்பும். முன்பே நிரம்பியவை மிகுதியை வாயுவாகவும் சூடாகவும் வெளியேற்றும். அந்த வாயுவில் ஹைட்ரஜன் உண்டு என்பதால் நல்ல காற்றோட்டம் கட்டாயம்.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தது. 1999-இல் ஹோண்டா இன்சைட் வந்தது. இரண்டிலும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. இன்சைட்டில் 1.2 வோல்ட் செல்கள் 120. மொத்தம் 144 வோல்ட். இவற்றை வீட்டு பிளக்கில் செருக வழி இல்லை. எஞ்சினும் பிரேக்கும் தரும் மின்சாரமே போதும். ஆயுள் நீடிக்க வேண்டும் என்பதற்காகக் காரின் கணினி பேட்டரியை முழுதாக நிரப்பாது, முழுதாகக் காலி செய்யவும் விடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுதாக நிரம்பாத செல்களுக்குச் சமமாகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆண்டுகள் போகப்போக, வெயிலாலும் நீண்ட நாள் நிறுத்தி வைப்பதாலும் இடைவெளி கூடும்.

பழைய இன்சைட் கார்களை வைத்திருந்த சிலர் அந்த ஈய-அமிலக் கால வழக்கத்தை மீண்டும் எடுத்தார்கள். அரை ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம், பேட்டரி விசிறி இடைவிடாமல் ஓட, பல மணி நேரம் சார்ஜ். நிக்கல் செல் நிரம்பிய பின் உள்ளே உருவாகும் ஆக்சிஜன் அங்கேயே மீண்டும் சேர்ந்து சூடாக மாறும். மின்னோட்டம் சிறியதாக இருந்தால் மட்டுமே செல் இதைத் தாங்கும். விசிறி நின்றாலோ மின்னோட்டம் கூடினாலோ தாங்காது.

லித்தியம்-அயன் செல்லில் இந்த வடிகாலே கிடையாது. நிரம்பிய பிறகும் மின்சாரத்தைத் திணித்தால் செல் உள்ளே சிதையும், தீப்பற்றவும் கூடும். அதனால்தான் அந்த பேட்டரிகளில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் கண்காணித்துச் சமப்படுத்தும் மின்சுற்று உள்ளேயே இருக்கிறது.

நம் ஊர்ச் சாலைகளில் இரு வகையும் ஓடுகின்றன. இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிடில் நிக்கல் பேட்டரி. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைப்ரிடுகளில் லித்தியம். ஒரு காருக்குச் சொன்ன வைத்தியம் பக்கத்துக் காருக்கு ஆபத்தாகலாம். நிக்கல் என்றாலும் கவனியுங்கள்: வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும்போது காரின் கணினி பெரும்பாலும் காவலில் இருப்பதில்லை. சாவியை அணைத்தாலும் பேட்டரிக்குள் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் அப்படியே இருக்கும். இரவெல்லாம் ஆளில்லாத கீழ்த்தளத்தில் அது சூடேறினால், மேலே உறங்கும் குடும்பங்கள் எல்லோருக்கும் ஆபத்து.

ஆகவே பெரிய பேட்டரியைத் திறக்காதீர்கள்; சமப்படுத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவரின் பட்டறையில் விடுங்கள். உங்கள் கையில் இருப்பவை மூன்று. பேட்டரிக்குக் காற்று போகும் வலையைப் பையாலோ துணியாலோ மூடாதீர்கள். அதில் தூசி சேராமல் பாருங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்தாமல் அவ்வப்போது வெளியே ஓட்டி வாருங்கள். மூடிய கீழ்த்தளத்தில் எஞ்சினை ஓடவிட வேண்டாம். கார் கிளம்பவில்லை என்றால் முதலில் சிறிய 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும், செலவும் குறைவு.