பள்ளி (பெயர்ச்சொல்)

கேரளத்தின் பொன்முடி மலையடியிலுள்ள கல்லாறு என்னும் ஊரில் ‘பள்ளி எங்கே?’ என்று கேட்டால் தேவாலயத்துக்கோ மசூதிக்கோதான் வழி காட்டுவார்கள். மலையாளத்தில் இரண்டும் பள்ளியே.

தமிழில் இதன் பழம்பொருள்களுள் ஒன்று படுக்கை. ‘பள்ளிகொள்ளுதல்’, ‘பள்ளியறை’ இரண்டும் அதற்குச் சான்று. சமணத் துறவியரின் கற்படுக்கைகளைச் சித்தன்னவாசலில் இன்றும் பார்க்கலாம். படுக்கையைக் குறித்த சொல் துறவியர் உறைவிடத்துக்கும் பெயரானது. அங்கே பாடமும் நடந்ததால் தமிழில் ‘கல்விச்சாலை’ நிலைத்தது. மலையாளத்தில் ‘வழிபாட்டிடம்’ நிலைத்தது. நம் ‘பள்ளிவாசல்’ அந்தப் பொருளின் மிச்சம்.

கட்டடத்தின் பெயர் இந்த மண்ணுடையது. ஆனால் மலையாளிகளின் தேவாலயத்துக்குள்ளே சில பெயர்கள் கடல்கடந்தவை. பலிபீடத்தைக் குறிக்கும் ‘அள்த்தார’ லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. பீடம் அமைந்த திருவிடத்தைச் சுரியானிக் கிறித்தவ மரபினர் ‘மத்பஹா’ என்பர். பலியிடும் இடம் என்று பொருள்.