திருத்தித் தீராத விடைத்தாள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெயர் தெரியாத ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் தேர்வில் எழுதிய ஜியாமெட்ரி விடைத்தாள் அது. ஒரு வாத்தியார் திருத்தி மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றியதும் அதன் வேலை முடிந்திருக்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரின் கையிலும் சிக்கியதால் அது ஊர் ஊராகப் போனது.

அதற்கு முன்பே, 1912-இல், இரண்டு ஆங்கில விடைத்தாள்கள் இதே பாதையில் போய்த் திரும்பியிருந்தன. 200 பள்ளிகளுக்கு அனுப்பியதில் 142 மதிப்பீடுகள் ஆய்வுக்குத் தேறின. ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை, மற்றதற்கு 50 முதல் 97 வரை மார்க். பல பள்ளிகளில் அன்று தேர்ச்சிக்கு 75 வேண்டும். ஆக, ஒரே தாள் ஒரு பள்ளியில் ஃபெயில், இன்னொன்றில் ஏறக்குறைய முதலிடம். எதிர்வாதம் உடனே வந்தது. மொழிப்பாடம் என்றால் ஆளுக்கொரு ரசனை இருக்கத்தான் செய்யும். கணக்கில் இது நடக்குமா?

அதற்குப் பதிலாகத்தான் 1913-இல் ஜியாமெட்ரி தாள் புறப்பட்டது. கையெழுத்து, படம், அடித்தல் திருத்தல் எதுவும் மாறாமல் அச்சில் நகலெடுத்து, உங்கள் பள்ளி வழக்கப்படி திருத்தி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். குறைந்த மார்க் 28. கூடிய மார்க் 90-க்கும் மேல். ஆங்கிலத் தாள்களைவிட மோசமான இடைவெளி.

இதை ஆசிரியர்களின் அலட்சியத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலர் விடை சரியா என்று மட்டும் பார்த்தார்கள். சிலர் தெளிவில்லாத எழுத்துக்கும், ஒழுங்கில்லாத அமைப்புக்கும், எழுத்துப் பிழைக்கும் மார்க்கைக் குறைத்தார்கள். இறுதி விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் தரலாமா என்ற கேள்வி வேறு. ‘ஸ்டெப் மார்க்’ போடுவதில் நம்மூர் ஆசிரியர் அறைகளில் எழும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அவரவர் கொள்கைப்படி எல்லோருமே நியாயமாகத்தான் திருத்தினார்கள். நூறு என்பது எதற்கான நூறு என்றுதான் யாரும் கூடிப் பேசியிருக்கவில்லை.

ஸ்டார்ச் இன்னொன்றையும் கண்டார். ஒரே ஆசிரியர் தான் திருத்திய தாளையே மறுபடி திருத்தினாலும் மார்க் மாறுகிறது. 82-க்கும் 83-க்கும் உள்ள வேறுபாட்டை மனிதக் கண் பிரித்தறிவதில்லை. நூறு படிகள் அதிகம், அகலமான சில படிகள் போதும் என்றார். பல பள்ளிகள் ஏ, பி, சி என்ற எழுத்துத் தரங்களை நோக்கி நகர, இந்த வாதம் வலுச் சேர்த்தது.

ஆய்வில் ஒரு குறையும் உண்டு. திருத்தியவர்கள் அந்த மாணவரை அறியாதவர்கள். அவருக்குப் பாடம் நடத்தியதில்லை. கையில் பொதுவான விடைக்குறிப்பும் இல்லை. வகுப்பாசிரியரின் நிலை வேறு. ஆகவே அந்தத் தாள் வகுப்பறையைவிடப் பொதுத்தேர்வைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்பேன். டம்மி நம்பரோடு திருத்தும் முகாமுக்கு வரும் விடைத்தாளும் முன்பின் தெரியாத கையில்தான் விழுகிறது. நல்ல வேளை, அங்கே விடைக்குறிப்பாவது இருக்கிறது.

அந்தத் தாளுக்கு உறவுகளும் உண்டு. 1888-இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரையில் ஒரு லத்தீன் உரைநடைத் தாள் வருகிறது: 28 பேர் திருத்த, மார்க் 45-லிருந்து 100 வரை போனது. பின்னாளில், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த ஃபிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1935-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே மார்க் வாங்கியிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தபோது, 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. மற்றவரோடு அல்ல, தம்மோடே அவர்கள் ஒத்துப்போகவில்லை.

ஸ்டார்ச் பிறகு விளம்பர ஆய்வுக்குப் போய்விட்டார். எலியட் 1922 முதல் 1945 வரை பர்டியூ பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். தாள் மட்டும் கல்வியியல் நூல்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

2011-இல் ஹன்டர் பிரிமி என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஆங்கிலத் தாள் சோதனையை மறுபடி நடத்திப் பார்த்தார். இந்த முறை ஆசிரியர்கள் கட்டுரை மதிப்பிடத் தனிப் பயிற்சி பெற்றவர்கள். ஒரே கட்டுரையை 73 பேர் திருத்தினார்கள். மார்க் 50-இலிருந்து 96 வரை. எழுத்துத் தரத்தில் சொன்னால், அந்த ஒரு கட்டுரை ஏ, பி, சி, டி, எஃப் ஐந்தையும் வாங்கியிருந்தது.