பினாங்கின் மணியும் மனத்தின் பொழுதும்

ஜார்ஜ் டவுன் கடற்கரையை ஒட்டி, கார்ன்வாலிஸ் கோட்டையின் அருகே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா அரசியாரின் 60 ஆண்டு ஆட்சியின் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்னும் கணக்கில் 60 அடி உயரத்திற்கு அதனை எழுப்ப 1897 ஆம் ஆண்டில் முன்வந்தவர் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர். அது காட்டும் நேரம் இருபதாம் நூற்றாண்டில் பலமுறை மாற்றப்பட்டது. கதிரவன் உதிக்கும் முறையும் மனித உடலின் இயல்பும் அப்படியே இருந்தன. இந்த இடைவெளி மனித மனத்தை எவ்வாறு தொடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

பொழுதுக்கும் உள்ளத்திற்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். முல்லையின் காத்திருப்புக்கு மாலையும், குறிஞ்சியின் கூடலுக்கு யாமமும், நெய்தலின் இரங்கலுக்கு எற்பாடும் உரியனவாயின. இஃது இலக்கிய மரபே; மருத்துவ நூலன்று. எனினும், ஒரே துயரம் எல்லாப் பொழுதிலும் ஒரே எடையுடன் இருப்பதில்லை என்னும் பட்டறிவு இதனுள் பொதிந்துள்ளது.

இவ்வுறவை அறிவியல் நாடத் தொடங்கியது ஒரு சிறு செடியிலிருந்து. 1729 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கியை இருளில் வைத்துப் பார்த்தார். ஒளி படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. உயிரினுள்ளேயே ஒரு கடிகாரம் இருத்தல் கூடும் என்னும் எண்ணத்திற்கு அது வித்தாயிற்று. 1971 இல் கொனொப்கா, பென்சர் ஆகிய இருவரும் பழ ஈயில் அக்கடிகாரத்தை இயக்கும் மரபணுவைக் கண்டனர். மறு ஆண்டே, பாலூட்டிகளின் மூளையில் அதன் தலைமை நிலையம் எங்குள்ளது என்பது புலனாயிற்று. இத்துறையில் உழைத்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017 இல் நோபல் பரிசு கிட்டியது. மனிதரின் உட்கடிகாரம் 24 மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் இயல்புடையது. நாள்தோறும் காலை ஒளியே அதனைத் திருத்திக் கொடுக்கிறது.

மனநிலைக் கோளாறுகளின் வரலாற்றிலும் சுழற்சி என்னும் கருத்தே மையமாக விளங்கக் காண்கிறோம். கிளர்ச்சியும் சோர்வும் ஒருவரிடமே மாறிமாறி வருவதை 1850களில் பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே சுழல்நோய் என்று குறித்தார். 1899 இல் ஜெர்மானிய மருத்துவர் கிரெப்பலின் இதனைத் தனிநோயாக வரையறுத்தார். இன்று இருதுருவ மனநிலைக் கோளாறு எனப்படுவது பெரும்பாலும் இதுவே. கடுஞ்சோர்வுற்றார் பலர் விடியுமுன்னரே விழித்துக்கொள்வர். காலையில் துயரம் மிகுந்து மாலையில் சிறிது தணியும். இருதுருவ நோயுடையார்க்கோ உறக்கமிழந்த ஓர் இரவே கிளர்ச்சியைத் தூண்டிவிடக் கூடும்.

இந்நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று 1949 இல் எழுதியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தவர் அவர். லித்தியம் செடிகளிலும் விலங்குகளிலும் உயிர்க்கடிகாரத்தை மெதுவாக்குவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின.

தமிழகத்திற்கும் இத்துறையில் இடமுண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தம் மாணவர்களுடன் வௌவால்களை ஆராய்ந்தார். இருண்ட குகையினுள் கூண்டிலிடப்பட்ட வௌவால், ஏனைய வௌவால்கள் தன்னைச் சூழ்ந்து பறந்தபோது அவற்றின் காலத்தோடு இயைந்து நடந்தது. தனித்து விடப்பட்டபோது தன் போக்கில் விலகிச் சென்றது. 1978 இல் வெளிவந்த இம்முடிவு, கூடி வாழ்தலும் ஒரு கடிகாரமே என்பதை உணர்த்தியது. மனிதர்க்கும் இஃது ஓரளவு பொருந்தும். உண்ணல், உறங்கல், பிறரைக் காணல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பயிற்சி இருதுருவ நோய்க்கான துணைச் சிகிச்சையாக இன்று கையாளப்படுகிறது.

இனிப் பினாங்கின் கடிகாரத்தைக் காண்போம். 1905 இல் இங்கு நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னதாக வகுக்கப்பட்டது. 1933 இல் 20 நிமிடமும், 1941 இல் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. 1942 இல் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைத் திணித்தனர். அக்கணக்கில் உச்சிப்பொழுது பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டி வந்தது. போருக்குப்பின் பழைய நேரம் மீண்டது. 1981 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு 11.30 மணியை நள்ளிரவாக்கி, தீபகற்பம் சபா, சரவாக்குடன் ஒரே நேரத்திற்குள் வந்தது.

நாட்டு ஒருமைப்பாட்டிற்கு அது நன்றே. ஆயினும் பினாங்கில் கதிரவன் உச்சியை அடைவது இன்று சராசரியாகப் பிற்பகல் 1.19 மணிக்கே. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊராதலின், ஆண்டின் நெடிய பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு முக்கால் மணிக்கும் குறைவு. வடநாடுகளில் 1984 இல் ரோசந்தால் விளக்கிய குளிர்காலச் சோர்வுக்கு இங்கு இடமில்லை. இங்குள்ள இடர்ப்பாடு வேறு. கதிரவன் ஏழு மணிக்குப் பின்னரே எழ, பள்ளி ஏழரை மணியளவில் தொடங்குகிறது. மாணவர் இருளிலேயே எழ வேண்டியுள்ளது. 1972 இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தபின் மின்னணு ஆலைகளில் இரவுப் பணி பரவியது. பால்மரம் வெட்டிய தலைமுறை விடியலோடு நடந்தது. அதன் பெண்மக்களுள் பலர் விளக்கொளியில் விழித்துப் பகலில் உறங்கினர். நேரமாற்றமே நோயைத் தரும் என்பது மிகை. ஆனால் நோய்க்கு இயல்பாகவே ஆட்படக்கூடியவரை உறக்கக் குலைவு எளிதில் வீழ்த்திவிடும்.

அவ்வாறு வீழ்ந்தோர்க்கு நெடுங்காலம் இருந்த வழி, 1911 இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையே. ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. நாட்டிலேயே முதன்முறையாகப் பொது மருத்துவமனையொன்றில் மனநலப் பிரிவு அமைந்தது பினாங்கில்தான், ஆண்டு 1958. நோயாளி தம் வீட்டையும் ஊரையும் பிரியாது சிகிச்சை பெற அது வழி வகுத்தது. மதுரை வௌவால்கள் காட்டிய உண்மையை நோக்கின், அதன் பயன் எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

வகுப்பில் தலைசாயும் மாணவனைச் சோம்பேறி என்றும், இரவெல்லாம் உறங்காது பேசித் திரிபவனைப் பேய் பிடித்தவன் என்றும் கூறிவிடுதல் எளிது. பாடநூலில் சிறுபொழுதைக் கற்பிக்கும் ஆசிரியர், தம்முன் அமர்ந்திருப்போரின் பொழுதையும் நோக்குவாராக. ஒரு மாணவனின் உறக்கமும் உள்ளமும் வாரக்கணக்கில் மாறி நிற்கக் கண்டால், பெற்றோரிடம் மென்மையாக எடுத்துரைத்து மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவது அவர் கடமையுள் ஒன்றாகும்.