தைல மரம் குடித்த மழை

ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய சில பத்தாண்டுகளுக்குள் அங்கே விறகுத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஊர் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் பள்ளத்துப் புல்வெளிகளில் உறைபனி உப்புத் தூவியதுபோலப் படிந்திருக்கும். பங்களாக்களில் கணப்பு எரிய வேண்டும், ராணுவக் குடியிருப்புகளில் அடுப்பு எரிய வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை மலை மடிப்புகளில் ஒண்டி நிற்கும் சோலைக்காடுகள் மட்டுமே. சோலை மரம் மிக மெதுவாக வளரும். வெட்டிய இடத்தில் அதே காடு திரும்பி வர ஒரு மனித ஆயுள் போதாது. கோடரி போன வேகத்தில் காடு வரவில்லை.

இந்தச் சூழலில்தான் 1843ல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஆஸ்திரேலிய நீல யூகலிப்டஸை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு இந்த மரப் பேரினம் அதற்கும் முன்பே வந்திருந்தது. 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலையில் இருந்த தன் தோட்டத்தில் பல வகை யூகலிப்டஸ் விதைகளை ஊன்றினார் என்பது வரலாறு. ஆனால் மன்னர் தோட்டத்தின் அலங்கார மரம் ஊருக்கு விறகு தரும் மரமாக மாறியது நீலகிரியில்தான். 1856 முதல் ஊட்டியைச் சுற்றி விறகுக்கென்றே ஒழுங்கான தோட்டங்கள் போடப்பட்டன. மலைவாசிகள் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர் வைத்தார்கள்.

அது வளர்ந்த வேகம் எல்லோரையும் வியக்க வைத்தது. பத்தே ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அந்த மறுதாம்பை இன்னொரு பத்து ஆண்டுகளில் வெட்டலாம், நாற்றங்காலும் நடவும் இல்லாமல். இந்த வேகத்தை அன்றைய வன அதிகாரிகள் மரத்தின் குணம் என்றே எழுதினார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி நீலகிரியின் வானிலைக்குச் சேர வேண்டியது.

நீல யூகலிப்டஸின் தாயகம் டாஸ்மேனியாவும் அதற்கு எதிரே உள்ள விக்டோரியாவின் தென்கரையும். குளிர்ந்த காற்றும், ஆண்டின் பெரும்பகுதியில் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் அதற்குப் பழக்கம். அங்கே நீண்ட குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகிவிடும். ஊட்டியிலோ பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. உயரத்தால் வெயிலின் கடுமை குறைகிறது. தென்மேற்குப் பருவமழை ஆடியில் கொட்டினால், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வந்து சேருகிறது. இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. தாய்நாட்டின் குளிர் இருக்கிறது, தாய்நாட்டின் நீண்ட முடக்கம் இல்லை. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வளர வழி கிடைத்த மரம் விடுமா?

ஆனாலும் அது மலை முழுக்க ஒரே மாதிரி வளரவில்லை. குளிர்காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் நட்ட கன்றுகளின் சாம்பல் பூத்த இளம் இலைகள் ஒரே இரவின் உறைபனியில் தீய்ந்ததுபோலக் கருகிவிடும். நூறடி மேலே, அதே சரிவில், அதே நாளில் நட்ட கன்று தலைநிமிர்ந்து நிற்கும். கீழே மேட்டுப்பாளையம் பக்கத்து வெக்கையில் இந்த இனத்தை வளர்ப்பது வீண் வேலை. தென்னிந்தியாவில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல்தான் நீல யூகலிப்டஸுக்கு வாழ்வு.

விறகுக்காக வந்த மரம் பிறகு பல வேலைகளுக்குப் போனது. தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்தும் அடுப்புகளுக்கு எரிபொருளானது. இலையிலிருந்து தைலம் இறங்கியது. நீலகிரித் தைலம் காய்ச்சும் இடங்கள் பெரிய ஆலைகள் அல்ல. தோட்டத்து ஓரத்தில், ஓடைத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில், கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு பெரிய செப்புக் கலம். பெண்கள் காட்டில் உதிர்ந்த இலையைக் கூட்டிப் பொறுக்கி மூட்டை கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். கலத்தில் இலையை மிதித்து அடைத்து, தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பை இறுக அடைத்துத் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீரைக் கடந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்; தண்ணீருக்கு மேலே தைலம் மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். எரிப்பதும் பெரும்பாலும் தைலம் எடுத்த பிறகு உலர்ந்துபோன அதே இலைதான். இந்தத் தொழிலுக்கும் வானிலைதான் எசமான். பனிக்காலம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் இலை காய்ந்து உதிரும், எடை குறைந்து எண்ணெய் மிகும். ஆடி மழையில் இலை ஊறிக் கனத்துக் கிடக்கும். சுமந்த பாட்டுக்குத் தைலம் இருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு அளவு பெரிதானது. சிறுமுகையில் அமைந்த விஸ்கோஸ் ஆலை நீலகிரியின் யூகலிப்டஸைக் கூழாக்கிச் செயற்கைப் பட்டு நூல் செய்தது. மலைப் புல்வெளிகள் வன ஆவணங்களில் வெற்று நிலமாகத் தெரிந்தன. அங்கே வரிசை வரிசையாக யூகலிப்டஸும் சீகை மரமும் ஏறின. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி அது. மலையின் தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைக்கு விட்டதும் அந்தப் புல்வெளிதான். பழனி மலையிலும் இதே கதைதான்: அங்கே நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள் 2018ல் காட்டினார்கள்.

தண்ணீரைப் பற்றிய கேள்வியை நாட்டிலேயே மிகப் பொறுமையாகக் கேட்டது ஊட்டியில் இருந்த மண், நீர்வள ஆராய்ச்சி மையம். 1932ல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்தை ஒட்டிய கிளென்மார்கன் பகுதியில், ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் புல்வெளியும் சோலையும். 1968லிருந்து சில ஆண்டுகள் எதையும் தொடாமல், ஓடையின் குறுக்கே அளவைத் தடுப்பு கட்டி, எவ்வளவு மழை பெய்தால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று மட்டும் குறித்தார்கள். 1972ல் ஒன்றில் மட்டும், அதிலும் 59 சதவீதப் பரப்பில் மட்டும், நீல யூகலிப்டஸ் நட்டார்கள். மற்றது இயற்கையாகவே விடப்பட்டது. மழை இரண்டுக்கும் பொது என்பதால், பிற்பாடு தெரியும் வித்தியாசத்துக்கு மரம்தான் பொறுப்பு.

முதல் பத்து ஆண்டுச் சுற்றில் யூகலிப்டஸ் ஓடையின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு துளிர்த்த மறுதாம்புச் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. ஏற்கெனவே ஊன்றிய வேர்கள் மேல் துளிர்த்த மரம் ஆரம்பத்திலிருந்தே ஆழத்தில் குடித்தது. அதைவிடக் கவலை தருவது, இந்தக் குறைவு மழைக்காலத்தைவிடக் கோடை ஓட்டத்தில்தான் கடுமையாக அடித்தது. அணைக்கும் கீழே உள்ள ஊருக்கும் ஒவ்வொரு குடமும் கணக்கில் வருவது அந்த மாதங்களில்தான். மரத்தின் மகசூலை விறகு டிப்போவில் எடை போட்டார்கள்; மழையிலிருந்து அது எடுத்துக்கொண்டதை எடை போட இந்த நாட்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மலையில் இத்தனையும் நடக்கும்போதே சமவெளிக்கு வேறொரு யூகலிப்டஸ் இறங்கிவிட்டது. நந்தி மலைத் தோட்டத்தில் பல வகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் இயற்கையாகக் கலந்து உருவானது மைசூர் கம் என்ற கலப்பினம். வெயிலையும் வறட்சியையும் தாங்கும். 1960களில் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பல்லாயிரம் ஹெக்டேரில் அது நடப்பட்டது. 1974ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துச் செம்மண் காடுகளில் இதைப் பரவலாக நட்டது. சாப்பிட ஆடு மாடு நெருங்காது, காவல் தேவையில்லை, ஆலைக்காரர் வந்து எடைபோட்டு வாங்கிக்கொள்வார். விவசாயிக்கும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு. ஆண்டுக்கு ஆறேழு மாதம் வறண்டு கிடக்கும் நிலத்தில் மரம் சாகாது. கார்த்திகை ஈரத்தில் துளிர்த்து, மாசி வரை பருத்து, சித்திரை வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு சும்மா நிற்கும். விதையில் வளர்த்த பழைய தோட்டங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6 முதல் 10 கன மீட்டர் கொடுத்தாலே பெரிது. மழை மிகுந்தால் லாபம் என்று எண்ணிக் கேரளத்தின் ஈரச் சரிவுகளில் நட்டவர்களுக்கு வேறு பாடம். விடாத மழையில் தண்டிலும் கிளையிலும் இளஞ்சிவப்புப் பூஞ்சை படர்ந்து மரம் மரமாகக் காய்ந்தது. வறண்ட பக்கத்தில் 2000களின் தொடக்கத்தில் ஒரு சிறு குளவி வந்தது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிட்டுக் கொப்புளம் கொப்புளமாக வீங்க வைத்து, நாற்றங்கால்களையே முடக்கியது. ஒரே மரத்துக்கு ஈரத்தில் ஒரு எமன், வெயிலில் ஒரு எமன்.

1980களின் கடைசியில் பத்ராசலம் காகித ஆலை நல்ல மரங்களிலிருந்து பதியன் எடுத்துக் குளோன் கன்றுகளை உருவாக்கத் தொடங்கியது. நல்ல மண்ணும் பராமரிப்பும் இருந்த இடங்களில் மகசூல் 20 கன மீட்டரைத் தாண்டியது. அப்போதும் வானிலையின் பிடி தளரவில்லை. யூகலிப்டஸில் உலகத்துக்கே முன்னோடியான பிரேசிலில், எட்டு இடங்களில் தேர்ந்த குளோன்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வழக்கத்துக்கு மேல் உரம் கொட்டியதில் ஒரு பலனும் இல்லை. நீர் பாய்ச்சிய தோப்புகளிலோ வளர்ச்சி சுமார் 30 சதவீதம் கூடியது. அதாவது, இன்னும் வளரக்கூடிய மரத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தது மழைக் குறைவு.

இந்த இடத்தில்தான் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயில் கண்டறியப்பட்ட உண்மை முக்கியமாகிறது. கேழ்வரகு விளைந்த ஆழமான மண்ணில் நட்ட யூகலிப்டஸை ஆங்கிலேய நீரியல் வல்லுநர்களும் கர்நாடக வனத்துறையும் சேர்ந்து 1990களில் அளந்தார்கள். மூன்று ஆண்டுகளில் பெய்த மழை சுமார் 2,100 மில்லி மீட்டர். மரங்கள் எடுத்த நீர் சுமார் 3,400. பெய்ததைவிட அதிகம் எப்படிக் குடிக்க முடியும்? வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் வீதம் கீழே இறங்கி, தலைமுறை தலைமுறையாக உழவர்களின் குட்டை வேர்ப் பயிர்கள் தொடாமல் மண்ணுக்குள் தங்கியிருந்த ஈரத்தை எடுத்திருந்தது. மண் ஆழம் குறைந்த வேறு இடங்களில் அதே ஆய்வாளர்கள் பார்த்தபோது, யூகலிப்டஸ் உள்ளூர் இலையுதிர் காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை.

ஆகவே யூகலிப்டஸ் எங்கும் அரக்கன் என்று சொல்லிவிட முடியாது, எங்கும் அப்பாவி என்றும் சொல்ல முடியாது. ஆழமான மண்ணில் முதல் வெட்டில் கிடைத்த மகசூலில் ஒரு பங்கு அந்தந்த ஆண்டின் மழை தந்தது அல்ல, சேமிப்பை உடைத்து எடுத்தது. அந்தச் சேமிப்பு தீர்ந்த பிறகு வரும் மறுதாம்பு, வானம் அந்த ஆண்டு கொடுப்பதை நம்பித்தான் பருக்க வேண்டும். தும்கூர் விவசாயிகள் ஹொசகோட்டே அளவீடுகளுக்கு முன்பே, 1983ல், வனத்துறை நாற்றங்காலுக்குள் புகுந்து யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கிப் புளியும் மாவும் வேண்டும் என்றார்கள். கிணறு காட்டிய கணக்கு அவர்களுக்குப் போதுமாக இருந்தது. 2017ல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை போட்டது.

புதுக்கோட்டையில் சண்டை இன்னும் நேரடியானது. அங்கே செம்புறாங்கல் மண். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டி முடிந்துவிடும். அந்தச் சில வாரத்து ஓட்டத்தை வரத்துவாரி வழியே கண்மாய்க்குக் கொண்டுபோய்த் தேக்கினால்தான் தை வரை நெல்லுக்குத் தண்ணீர். தைல மரம் எனப்படும் யூகலிப்டஸ் காட்டிலோ அதே மழை மரத்துக்கே சேரட்டும் என்று வரிசைகளுக்கு நடுவே குழியும் வரப்பும் வெட்டுகிறார்கள். மகசூல் நோக்கில் அது சரியான வேலைதான். மேலே விழுந்த ஒவ்வொரு துளியும் கட்டையின் எடையாகிறது. ஆனால் காட்டுக்குக் கீழே இருக்கும் கண்மாய்க்கு வர வேண்டிய நீர் மேட்டிலேயே நின்றுவிடுகிறது. கண்மாய்ப் பாசன விவசாயிகள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துச் செல்லும் கோரிக்கைகளில் மரத்தை அகற்றச் சொல்வது ஒன்று. அதற்கு நாளாகும் என்றால், அடுத்த ஐப்பசிக்கு முன் அந்த வரப்புகளையாவது உடைத்து வாரிகளைத் திறந்துவிடுங்கள் என்பது இன்னொன்று.